பிள்ளையை யார் பார்ப்பார் என்று கேட்டவர்களுக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கணினிப் பயிற்சிக்கும் வேலைக்கும் ஆள் எடுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கடைசியாக நடந்த நேர்முகத் தேர்வைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அறைக்குள் இருந்தவர்கள் நீங்கள்தான். கல்யாணமான பெண்கள் ஒவ்வொருவரிடமும் பிள்ளைக்கு எத்தனை வயது, பிள்ளையை யார் பார்ப்பார் என்று கேட்டீர்கள். அதே வரிசையில் நின்ற தகப்பன்மார் எவரிடமும் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. தெரிவுப் பட்டியல் வந்தபோது கைப்பிள்ளைக்காரி ஒருத்தியின் பெயரும் அதில் இல்லை. என் பெயரும் இல்லை. எனக்கு முன்னால் உள்ளே போன மண்டூர்த் தங்கச்சிக்கு, குடும்பப் பெண்களுக்கு டீச்சிங்தான் நல்லது என்று புத்தியும் சொல்லி அனுப்பினீர்கள். அவள் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், கணினி விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கியவள்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் ஒரு பகுதியையாவது வீட்டிலிருந்து செய்ய விடுங்கள். வேலையையும் வீட்டிலிருந்து முடித்துத் தர விடுங்கள். தந்த வேலையைப் பார்த்துச் சம்பளம் கொடுங்கள், கதிரையில் இருந்த நேரத்தைப் பார்த்து வேண்டாம்.

உங்கள் விதிப்படி காலை எட்டரைக்குப் பதிவேட்டில் கையெழுத்து இருக்க வேண்டும். மண்டூரில் இருப்பவளுக்கு அந்த எட்டரை எப்படி வருகிறது தெரியுமா? இருட்டோடு எழும்பிச் சமைத்து, பிள்ளையை நித்திரையிலேயே தூக்கித் தாய் வீட்டில் கிடத்திவிட்டுத் துறைக்கு ஓட வேண்டும். பாதை, அதாவது ஆற்றைக் கடக்கும் மிதவைப் படகு, அந்தக் கரையில் நின்றால் அது திரும்பி வரும்வரை காத்து நிற்க வேண்டும். குறுமண்வெளியில் இறங்கிப் பிரதான வீதிக்கு வந்தால், கல்முனைப் பக்கமிருந்து வரும் பஸ் ஏற்கெனவே நிறைந்திருக்கும். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மட்டக்களப்பு நகரம் வர வேண்டும். மாரி தொடங்கிவிட்டால் ஆற்றில் காற்று ஏறும், பாதை நிற்கும். வெல்லாவெளி வழியாகச் சுற்றிப் போகலாம் என்றால் அந்த வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும். அப்படி அவள் பிந்தி வந்த நாளெல்லாம் உங்கள் ஏட்டில் வராத நாள். வரவு குறைந்தால் கொடுப்பனவு வெட்டு, அதற்கு மேல் போனால் பெயரும் வெட்டு. இத்தனையும் கடந்து வந்து அவள் செய்யப்போவது என்ன? ஒரு திரையைப் பார்த்துத் தட்டச்சுச் செய்வது. அதே திரை அவள் வீட்டிலும் இருக்கிறது.

அன்றைய தொடக்க உரையில் தொழில்நுட்ப உலகின் முன்னோடிகள் என்று ஒரு வரிசை சொன்னீர்கள். எல்லாரும் ஆண்கள். அந்த வரிசையில் ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஸ்டெபனி ஷேர்லி.

1933இல் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் பிறந்தவர். தகப்பன் யூதர், நீதிபதியாக இருந்தவர். நாஜிகளிடமிருந்து தப்ப வைக்க, 1939இல் ஐந்து வயது மகளை அக்காவோடு ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பிள்ளை உயிரோடு இருக்கவேண்டும் என்று பிள்ளையைப் பிரிவது எப்படியிருக்கும் என்பதை எங்கள் பகுதித் தாய்மாருக்கு எவரும் சொல்லித் தரத் தேவையில்லை. அங்கே அவர் சேர்ந்த பெண்கள் பாடசாலையில் கணிதம் கற்பிக்கப்படவில்லை. அதனால் பக்கத்து ஆண்கள் பாடசாலைக்குப் போய்க் கணிதம் படித்தார். பிறகு தபால் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்துகொண்டே மாலை வகுப்பில் பட்டம் எடுத்தார். திறமை இருந்தும் ஓர் எல்லைக்கு மேல் பெண்ணை ஏற விடமாட்டார்கள் என்று கண்டதும், 1962இல் வெறும் ஆறு பவுண் முதலுடன் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார்.

யாரை வேலைக்கு எடுத்தார் என்பதைக் கவனியுங்கள். கல்யாணத்தோடும் முதல் பிள்ளையோடும் வேலையை விட்ட, படித்த பெண்களை. நீங்கள் பட்டியலிலிருந்து எடுத்துப்போட்டவர்களை அவர் தேடிப்போய் எடுத்தார். வேலை கேட்டு வந்தவர்களிடம் அவர் கேட்ட முக்கியமான கேள்வி, தொலைபேசி வசதி இருக்கிறதா என்பதுதான். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். பென்சிலும் தாளுமாக வீட்டிலிருந்து கணினி நிரல் (புரோகிராம்) எழுதித் தபாலில் அனுப்புவார்கள், அது வேறிடத்தில் அட்டையில் துளையிடப்பட்டுக் கணினிக்குள் போகும். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியவர்கள் இப்படி வீட்டில் இருந்த பெண்கள்தான். ஸ்டெபனி என்று கையெழுத்திட்ட கடிதங்களுக்குப் பதில் வராததால் ஸ்டீவ் என்று ஆண் பெயரில் கையெழுத்துப் போட்டு வியாபாரம் பிடித்தார். அந்தக் காலத்தில் கணவனின் அனுமதியில்லாமல் அவரால் ஒரு வங்கிக் கணக்குக்கூடத் திறக்க முடியாது.

பிள்ளையை யார் பார்ப்பார்? அவருக்கும் ஒரே மகன் இருந்தான், ஜைல்ஸ். கடுமையான ஆட்டிசம். பேச்சு வந்து பிறகு நின்றுபோன பிள்ளை. அந்த மகனை வளர்த்துக்கொண்டுதான் அவர் நிறுவனத்தை நடத்தினார். கஷ்டமில்லாமல் நடத்தினார் என்று சொல்ல வரவில்லை, ஒரு கட்டத்தில் மனமுடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்தான். ஆனாலும் நிறுவனம் வளர்ந்தது. பங்குகளை ஊழியர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார், அவர்களில் 70 பேர் கோடீஸ்வரர்களானார்கள். மகன் 1998இல் 35 வயதில் இறந்தான். சம்பாதித்ததில் பெரும்பகுதியை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகவும் கல்விக்காகவும் கொடுத்துவிட்டு, 2025 ஆகஸ்டில் 91 வயதில் அவர் காலமானார்.

1962இல் தபாலை நம்பி முடிந்த காரியம், கைத்தொலைபேசியில் இணையம் இருக்கும் இந்தக் காலத்தில், வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரையில் ஏன் முடியாது?

எங்கள் மாவட்டத்துக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். இங்கே வீடு பெண்ணுடையது. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தாயும் பெரியம்மாவும் அக்காவும் ஒரே வளவில், இல்லாவிட்டால் அடுத்த வளவில் இருப்பார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் தாய்க்கு நான்கு மணித்தியாலம் பிள்ளையைப் பார்த்துக்கொடுக்க ஆள் இருக்கிறது. விடியலிலிருந்து இரவு வரை பார்க்கத்தான் ஆள் இல்லை. அவளைக் கொழும்புக்குப் போ என்று சொல்வது அந்தத் துணை முழுவதையும் அறுப்பதாகும். வீட்டிலிருந்து வேலை நடக்காது என்றும் சொல்லாதீர்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் போனபோது அரச ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது இதே நாடுதான்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. வாழ்வாதார உதவி என்று வரும்போதெல்லாம் எங்களுக்குத் தையல் மெஷினும் கோழிக்குஞ்சும்தான். தைப்பவளுக்கு மெஷின் கொடுங்கள், நான் மறிக்கவில்லை. ஆனால் நிரல் எழுதத் தெரிந்தவளுக்கும் ஏன் கோழிக்குஞ்சு? படித்த பெண் நுண்கடன் தவணைக்காரருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதையும், சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வளைகுடாவில் வீட்டுவேலைக்குப் போவதையும் நீங்களும் நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மகளிர் தினத்துக்கு மண்டபம் எடுத்து விளக்கேற்றும் செலவில் நாலு பேருக்கு மடிக்கணினியும் இணையமும் கொடுத்திருக்கலாம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். அடுத்த தொகுதிக்கு ஆள் எடுக்கும்போது பிள்ளையைப் பற்றிய கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கேட்டே ஆகவேண்டுமென்றால் தகப்பன்மாரிடமும் கேளுங்கள். வாரத்தில் ஒருநாள் நேரில் வருகிறோம், மற்ற நாள்களில் வீட்டிலிருந்து படிக்கவும் வேலை செய்யவும் விடுங்கள். குறித்த நாளில் வேலை வந்து சேராவிட்டால் பெயரை வெட்டுங்கள், நாங்கள் எதிர்த்துப் பேசமாட்டோம். முதலில் ஒரு பிரதேச செயலகப் பிரிவில் மட்டும் செய்து பார்த்தாலும் போதும். போரதீவுப்பற்றில் தொடங்கினால் பெயர் கொடுக்க ஆள் இருக்கிறது. மண்டூர்த் தங்கச்சியின் விண்ணப்பத்தையும் சேர்த்து மறுபடி ஒருதரம் எடுத்துப் பாருங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு கணினிப் பட்டதாரி, இரண்டு பிள்ளைகளின் தாய்