தொப்பி மேல் கிரீடம்

அன்புள்ள வசந்தி,

உன் குரல்பதிவைக் கேட்டு நானும் மகளும் சிரித்துத் தீர்த்தோம். நான் அனுப்பிய படத்தில் வெள்ளைத் தொப்பியும் அதன்மேல் கிரீடமுமாக எங்கள் முதியோர் இல்லத்துப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள் சினிமா நடிகையா என்று கேட்டிருக்கிறாய். நடிகை இல்லை. அவள்தான் ஸ்டாம்பீட் ராணி. போனில் தட்டித் தட்டி இதையெல்லாம் விளக்க என்னால் ஆகாது, அதனால் ஆற அமரக் கடிதமாகவே எழுதுகிறேன், நீயும் காபி போட்டு வைத்துக்கொண்டு படி.

கால்கரி ஸ்டாம்பீட் என்பது கனடாவில் நான் இருக்கும் இந்தக் கால்கரி ஊர்த் திருவிழா. ஜூலையில் பத்து நாள். கை வீடிக் என்ற அமெரிக்கர் 1912இல் தொடங்கிவைத்தது, 1923லிருந்து வருடம் தவறாமல் நடக்கிறது, கொரோனா வந்த 2020இல் மட்டும்தான் நின்றது. 2013 ஜூனில் ஆற்று வெள்ளம் வந்து மைதானமே முங்கிப்போனபோதுகூட இரண்டே வாரத்தில் சேற்றை அள்ளிவிட்டு நடத்தினார்கள். 2024இல் வந்த கூட்டம் 14 லட்சத்துக்கும் மேல். மதியம் ரோடியோ, அதாவது முரட்டுக் குதிரை மேலும் காளை மேலும் எட்டு விநாடி தாக்குப்பிடிக்கும் விளையாட்டு, கன்றுக்குச் சுருக்குப் போடுவது, பெண்கள் பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையில் பறப்பது. சாயந்திரம் சக்வேகன் என்கிற கூண்டு வண்டிப் பந்தயம். இதற்கெல்லாம் முகமாக ஒரு ராணியும் இரண்டு இளவரசிகளும்.

1946இல் பாட்ஸி ராட்ஜர்ஸ் என்ற பெண்தான் முதல் ராணி. அதற்கப்புறம் போட்டி வைத்தார்கள், ஆரம்பக் காலத்தில் யார் ஆதரவாகச் சீட்டு அதிகம் விற்கிறதோ அவருக்கே பட்டம் என்கிற கணக்கு. இப்போது அப்படி இல்லை. குதிரை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், ஒப்புக்கு ஏறி உட்கார்ந்தால் போதாது, நடுவர் சொல்லும் வளைவு நெளிவுகளில் ஓட்டிக் காட்ட வேண்டும். மேடையில் பேசத் தெரிய வேண்டும், ஊரைப் பற்றியும் மாடு குதிரை வளர்ப்பைப் பற்றியும் கேட்டால் தடுமாறாமல் சொல்ல வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், முடிசூட்டு நடப்பது இலையுதிர் காலத்தில். திருவிழாவோ அடுத்த ஜூலையில். ஆக, கையசைத்துக்கொண்டு ஊர்வலத்தில் போகிற அந்தப் பத்து நாளும் ஆட்சியின் கடைசிப் பகுதிக்குத்தான் வருகிறது. நடுவே கிடப்பது முழுக் குளிர்காலம். இங்கே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி வரை இறங்கும் நாட்களில் அந்தப் பெண்கள் ஜீன்ஸும் பூட்ஸும் போட்டு, தோளில் பட்டையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, கிரீடத் தொப்பியைப் பெட்டியில் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், நன்கொடை விருந்து, பக்கத்து ஊர் ரோடியோ என்று அலைகிறார்கள். வருடத்துக்குப் பல நூறு நிகழ்ச்சிகள். படிப்பையோ வேலையையோ வைத்துக்கொண்டே இதையும் செய்வதுதான் வழக்கம். நம் ஊர் எம்.எல்.ஏ.க்கள்கூட இத்தனை இடத்துக்குப் போவார்களா என்று தெரியவில்லை!

எங்கள் இல்லத்துக்கு வந்தது போன பிப்ரவரியில். பெரியவர்களுக்குப் பொழுதுபோக்கு ஏற்பாடு செய்வது என் பொறுப்பு என்று உனக்குத் தெரியும், வாரம் முழுக்க பிங்கோவும் பஜனை மாதிரிப் பழைய பாட்டும்தான், அதனால் ராணி வருகிறாள் என்றதும் எனக்கே கொஞ்சம் பரபரப்பு. வந்து ஒரு ரவுண்டு அடித்து, வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்றுதான் சக ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா, உள்ளே வந்ததும் சக்கர நாற்காலி பக்கத்தில் முட்டி போட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டாள். தொப்பியோடு நின்றால் ஆறடிக்கு மேல் தெரியும், உட்கார்ந்திருப்பவர் கழுத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும், அதனால் முதலில் உயரத்தைக் குறைக்கிறார்கள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது என்றாள். சொல்லிக்கொடுத்ததாகவே இருக்கட்டும், ஒவ்வொரு நாற்காலிக்கும் அதே மாதிரி இறங்கி இறங்கி எழுவதற்கு முழங்கால் வேண்டாமா?

நீ பார்த்த படத்தில் இருக்கும் பாட்டி பண்ணையில் பிறந்து வளர்ந்தவர், பேச்சு அநேகமாக நின்றுபோயிற்று, பெற்ற மகளையே சில நாள் அடையாளம் தெரியாது. ராணி அவரிடம் உடம்பு எப்படி என்று கேட்கவில்லை, "உங்கள் குதிரைக்கு என்ன பெயர்?" என்று கேட்டாள். பாட்டி டக்கென்று ஒரு பெயரைச் சொன்னார். அப்புறம் அதன் நிறம், அதன் முரண்டு, வேலி தாண்டி ஓடியது என்று துண்டு துண்டாக வந்துகொண்டே இருந்தது, நான் வேலைக்குச் சேர்ந்த நாளாக அவர் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை. இதை ஏதோ அற்புதம் மாதிரி எழுத எனக்கு மனமில்லை, மறுநாள் காலையில் பாட்டி பழையபடிதான் இருந்தார். ஆனால் குதிரையோடு வளர்ந்த ஒருத்திக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும், எனக்கு இத்தனை வருஷத்தில் தோன்றவில்லை பார்.

எல்லாம் இனிப்பாகவே போகவில்லை. எங்கள் தாத்தா ஒருவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், காத்திருந்து பிடித்துக்கொண்டார். 2019இல் சக்வேகன் பந்தயத்தில் ஆறு குதிரைகள் செத்தனவே, அதற்கு உன் கிரீடம் என்ன பதில் சொல்கிறது என்று நேராகவே கேட்டுவிட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. அவள் சிரித்து மழுப்பவில்லை, அது எல்லாருக்கும் துக்கமான வருஷம் என்றாள், கால்நடை மருத்துவர்கள் சோதிப்பதையும் விதிகளை மாற்றியதையும் சொன்னாள். தாத்தாவுக்குத் திருப்தி இல்லை, "அப்படியும் ஓட்டுகிறீர்களே" என்றார். இருபது வயசைக் கொஞ்சம் தாண்டிய பெண், தான் முடிவெடுக்காத விஷயத்துக்கெல்லாம் ஊர் சார்பாக நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அந்த இடத்தில் தாத்தா பக்கமும் நியாயம் தெரிந்தது, அவள்மேல் பாவமாகவும் இருந்தது. இதே கேள்வியை அவள் இன்னும் எத்தனை சாப்பாட்டுக் கூடத்தில் கேட்கப் போகிறாளோ.

ஊர் சார்பாக யார் நிற்பது என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. 1954இல் ஈவ்லின் ஈகிள் ஸ்பீக்கர் என்ற பெண் ராணியானார், இந்த மண்ணின் பூர்வகுடிகளிலிருந்து அந்தப் பட்டத்துக்கு வந்த முதல் பெண். கைனாய் மக்களைச் சேர்ந்தவர். ஸ்டாம்பீட்டில் தொடக்கம் முதலே பூர்வகுடி மக்கள் குதிரையோடும் கூடாரத்தோடும் வந்து கலந்துகொண்டவர்கள்தான், ஆனாலும் அவர்களில் ஒருத்தி தலையில் கிரீடம் என்றதும், அவர் எந்த உடுப்பில் நிகழ்ச்சிகளுக்கு வர வேண்டும் என்பதே ஊரில் சர்ச்சையாகிவிட்டது. மற்ற ராணிகள் மாதிரி மாட்டுக்காரி உடுப்பா, மணி கோத்த மான்தோல் உடையா? யோசித்துப் பார், ஜெயித்தது அவர், என்ன உடுத்துவது என்று தீர்மானிக்கப் பார்த்தது மற்றவர்கள். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்துப் பெண்டில்டன் ரவுண்டப் என்ற ரோடியோ திருவிழாவில் 1926இலேயே எஸ்தர் மோட்டானிக் என்ற பூர்வகுடிப் பெண் ராணியாக இருந்திருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்.

இங்கே 1964லிருந்து பூர்வகுடி மக்களுக்குத் தனியாக ஓர் இளவரசி உண்டு. முன்பு 'இந்தியன் பிரின்சஸ்', இப்போது 'ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் பிரின்சஸ்'. 1877இல் பிரிட்டிஷ் அரசியின் பெயரால் இந்தப் பகுதிப் பூர்வகுடிகளோடு ஏழாம் ஒப்பந்தம் என்று ஒன்று கையெழுத்தானது, அதில் சேர்ந்த குலங்களிலிருந்துதான் தேர்வு. அவருக்குக் குதிரையேற்றத்தோடு பவ்வாவ் என்கிற பூர்வகுடி விழாக்களில் ஆடும் நடனமும் தெரிந்திருக்க வேண்டும், தன் மக்களின் வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். திருவிழாவின்போது ஆற்றங்கரையில் இருபத்தாறு டீபீ கூடாரங்கள் போட்டுக் குடும்பம் குடும்பமாகத் தங்குவார்கள், நான் ஒவ்வொரு முறையும் கூட்டத்திலிருந்து தப்பித்து முதலில் அங்கேதான் போவேன், அங்கே வாங்கித் தின்கிற சூடான பனக் ரொட்டிக்காகவும்தான். தனிப் பட்டம் கொடுத்தது மரியாதையா, ராணிப் பட்டத்திலிருந்து நாசூக்காக ஒதுக்கிவைத்ததா என்று என் மகள் கேட்கிறாள். இரண்டும் கலந்திருக்கலாம். அந்த இளவரசியின் வேலைதான் ராணியின் வேலையைவிடக் கனமானது என்பது என் எண்ணம், ஏனென்றால் அவரிடம் வந்து கேட்கப்படும் கேள்விகள் குதிரையின் பெயரோடு நிற்பதில்லை.

மகளுக்கு இந்த ராணி ஏற்பாடே ஆகாது. இந்தக் காலத்தில் அழகிப் போட்டியா என்பாள். மிஸ் ரோடியோ அமெரிக்கா போட்டிக்குப் போகிற பெண் கல்யாணமே ஆகாதவளாக இருக்க வேண்டும் என்ற விதியைக் கேள்விப்பட்டதும் ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளினாள், அதில் நான் அவள் கட்சிதான், சேணத்தில் உட்கார்வதற்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அந்தப் பெண்கள் போகிற ஊரில் எல்லாம் யாரோ இரவல் கொடுத்த, முன்பின் தெரியாத குதிரைமேல் ஏறி, ஆயிரக்கணக்கானவர் முன்னால் முழு வேகத்தில் மைதானத்தைச் சுற்ற வேண்டும், ஒரு கை கடிவாளத்தில், ஒரு கை அசைத்துக்கொண்டு. தொப்பி பறந்துவிட்டால் மானம் போயிற்று, அதனால் முடியோடு சேர்த்துப் பின் குத்தி வைக்கிறார்கள். சுருக்கிலிருந்து அவிழ்ந்து மைதானத்தில் நிற்கும் கன்றுகளை ஓட்டிப் பட்டியில் சேர்ப்பதும் பல ரோடியோக்களில் ராணிகளின் வேலை. பெண்டில்டனிலோ ராணியும் தோழிகளும் வேலி தாண்டிக் குதித்துத்தான் மைதானத்துக்குள் நுழைவார்கள், வீடியோ இருக்கிறது, தேடிப் பார். அதை மகளுக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "சரி, இவர்களைக் கூப்பிடுகிற பெயரை மட்டும் மாற்றலாம்" என்றாள். அது அவளுக்குப் பெரிய விட்டுக்கொடுப்பு.

பழைய ராணிகள் சேர்ந்து ஒரு குழுவாகவே இயங்குகிறார்கள், சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளுக்காகப் பணம் திரட்டுகிறார்கள். பட்டம் ஒரு வருஷம், வேலை ஆயுசுக்கும் போல.

ஜூலை வந்தால் எங்கள் இல்லத்திலும் பான்கேக் காலை உணவு உண்டு. ஊர் முழுக்க தேவாலயம், கடைவீதி, ஆபீஸ் வாசல் என்று இலவசமாகப் போடுவார்கள், 1923இல் ஜாக் மார்ட்டன் என்ற சக்வேகன்காரர் வண்டியிலேயே சுட்டு வழியில் போகிறவர்களுக்குக் கொடுத்ததில் ஆரம்பித்த பழக்கம். ராணியும் இளவரசிகளும் விடிகாலையிலிருந்து ஓரிடம் மாற்றி ஓரிடமாக வருவார்கள். என்னை மாவு கரைக்கும் பிரிவில் போட்டிருக்கிறார்கள், தோசை மாவு கரைத்த கை என்று யாரோ கோள் மூட்டிவிட்டார்கள். கணித வாத்தியார் தாத்தா அடுத்த கேள்விகளை இப்போதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், முன்கூட்டியே எனக்குக் காட்ட மாட்டேன் என்கிறார்.

உன் மூட்டு ஸ்கேன் முடிவு என்னவாயிற்று என்பதை மட்டும் சொல்லாமலே குரல்பதிவை முடித்துவிட்டாய். ஆபரேஷன் என்றால் தேதியைச் சொல், அதற்கேற்ப டிக்கெட் பார்க்கிறேன். சின்னவனுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம், சம்பளத்தைப் பற்றி அவனிடம் நச்சரிக்காதே. நம் வகுப்பு விஜயாவின் புது நம்பர் இருந்தால் அனுப்பு.

அன்புடன்,
சாந்தி