ஜெர்மனிக்குப் புறப்படும் நர்ஸ் தங்கச்சிக்கு: ‘மதம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

அன்புள்ள தங்கச்சி,

பவேரியா மாநிலத்து ரேகன்ஸ்புர்கில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸ் நடத்தும் ஆஸ்பத்திரி ஒன்று, சாக்சனி மாநிலத்து லைப்ஸிக்கில் நகராட்சி ஆஸ்பத்திரி ஒன்று, இரண்டிலும் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எதை எடுப்பது என்று கேட்டிருந்தாய். வாடகை, குளிர், மொழித்தேர்வு பற்றியெல்லாம் ஏஜென்சிக்காரர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் வாய் திறக்காத ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். நீ ஆர்.சி. குடும்பத்துப் பெண். ஜெர்மனியில் அது சம்பளச் சீட்டில் ஒரு பிடித்தமாக வரும், வருட விடுமுறைக் கணக்கில் வரும், வேலை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகவும் வரும். அதுவும் நீ போய் இறங்கும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

முதலில் பணம். அங்கே கத்தோலிக்கத் திருச்சபைக்கும் புராட்டஸ்டன்ட் மாநிலத் திருச்சபைகளுக்கும் உறுப்பினர்களிடம் வரி வசூலிக்கும் உரிமை உண்டு. 1919ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டம் கொடுத்த உரிமை. இன்றைய அரசியல் சட்டம் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தத் திருச்சபை வரி சம்பளத்தின் மீது கணக்கிடப்படுவதில்லை, நீ கட்டும் வருமான வரியின் மீது. பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்கிலும் 8 சதவீதம், மற்ற எல்லா மாநிலங்களிலும் 9. மாதம் 400 யூரோ வருமான வரி பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ரேகன்ஸ்புர்கில் 32 யூரோ, லைப்ஸிக்கில் 36 யூரோ. ஆஸ்பத்திரியே பிடித்து வரி அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். சம்பளச் சீட்டில் ‘ஆர்.கே.’ என்று இரண்டெழுத்து இருந்தால் நீ ரோமன் கத்தோலிக்கர் கணக்கில் இருக்கிறாய். ஆண்டு முடிவில் வரிக்கணக்கு தாக்கல் செய்யும்போது கட்டிய திருச்சபை வரியை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம். இதைச் செய்யாமல் விட்டுவிடும் நம் ஆட்கள் அதிகம்.

இந்த இரண்டெழுத்து எங்கே விழுகிறது என்றால், முகவரிப் பதிவில். வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும். பாஸ்போர்ட், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிக் கடிதம், நிரப்பிய படிவம், இவ்வளவுதான் தேவை. படிவத்தில் மதம் பற்றி ஒரு கட்டம் இருக்கும். நம்மூர் ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டில் கேட்பதுபோல ஏதோ ஒரு விவரம் என்று நினைத்துத்தான் எல்லாரும் நிரப்புகிறார்கள். அது உண்மையில் வரிப் படிவம். உன் நம்பிக்கை என்னவென்று கேட்க அரசுக்கு அங்கே உரிமை இல்லை. வரி விதிக்கும் உரிமையுள்ள ஒரு சபையில் நீ உறுப்பினரா என்று மட்டும்தான் கேட்கலாம். அதனால் ஓர் இந்துவோ முஸ்லிமோ அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டால் தவறில்லை.

குழப்பம் கிறிஸ்தவர்களுக்குத்தான். உன்னோடு வரும் பெண்களில் பெந்தெகொஸ்தே யாராவது இருந்தால் அவளிடம் இதைக் கட்டாயம் சொல்லிவிடு. ‘நாங்கள் கத்தோலிக்கர் இல்லையே’ என்று ‘எவாங்கேலிஷ்’ கட்டத்தில் டிக் போட்டுவிடுவார்கள். ஜெர்மனியில் அந்தச் சொல்லுக்கு லூத்தரன், சீர்திருத்த மரபு மாநிலத் திருச்சபை என்றுதான் பொருள். மறுமாதமே அவளுக்கு 8 அல்லது 9 சதவீதம் பிடிப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை அவள் போகும் சபைக்கு அதில் ஒரு சென்ட்கூடப் போகாது. சுயேச்சைச் சபைகள் பெரும்பாலும் காணிக்கையில்தான் ஓடுகின்றன. சி.எஸ்.ஐ. ஆட்கள் அந்தக் கட்டத்தைத் தெரிந்து நிரப்பினால் சரி, தெரியாமல் நிரப்பக்கூடாது.

உன் நிலை வேறு. கத்தோலிக்கத் திருச்சபை பார்ப்பது திருமுழுக்கை. நாகர்கோவில் பக்கத்தில் ஞானஸ்நானம் வாங்கினவள் ஜெர்மனியில் குடியேறினாலே அவர்கள் பார்வையில் உறுப்பினர். கட்டத்தைக் காலியாக விட்டுத் தப்பிக்கலாம் என்று முகநூல் குழுக்களில் யோசனை சொல்வார்கள். கேட்காதே. திருமுழுக்குப் பெற்ற நாட்டுக்கே கடிதம் எழுதி விசாரித்து, கடந்த ஆண்டுகளுக்கும் சேர்த்து வரி கேட்ட வழக்குகள் உண்டு. வேண்டாம் என்றால் முறைப்படி விலகலாம். பவேரியாவிலும் சாக்சனியிலும் அதைப் பிறப்பு, திருமணம் பதியும் அலுவலகத்தில் செய்வார்கள், பெர்லினிலும் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவிலும் நீதிமன்றத்தில். நேரில் போகவேண்டும், இல்லையென்றால் நோட்டரி சான்றளித்த கடிதம் வேண்டும், மின்னஞ்சல் செல்லாது. பல இடங்களில் கட்டணம் 30 யூரோ அளவில். கையில் தரும் விலகல் சான்றைப் பத்திரமாக வை. பல ஆண்டு கழித்து வேறு ஊருக்கு மாறும்போது ‘விலகியதற்கு ஆதாரம் எங்கே’ என்று கேட்பார்கள், காட்ட முடியாதவர்கள் மறுபடி வரி கட்டியிருக்கிறார்கள்.

விலகுவதில் இன்னொரு பக்கம் உண்டு. ஜெர்மன் ஆயர்கள் 2012இல் போட்ட ஆணைப்படி, அரசு அலுவலகத்தில் விலகியவர் நற்கருணை வாங்க முடியாது, ஞானப்பெற்றோராக நிற்க முடியாது, திருச்சபை அடக்கமும் மறுக்கப்படலாம். வரி வேண்டாம், பூசை மட்டும் போதும் என்பதை அவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான். உன் காரித்தாஸ் ஆஸ்பத்திரியில் இது இன்னும் கடுமை. 2022 நவம்பரில் திருத்திய திருச்சபை வேலை விதிகளின்படி, ஊழியரின் திருமண வாழ்க்கை, குடும்பம் எல்லாம் இனி நிர்வாகத்தின் விவகாரம் இல்லை. வேற்று மதத்தவரும் வேலை செய்யலாம். ஆனால் கத்தோலிக்கராக இருந்து விலகியவரைப் பொதுவாக எடுக்கமாட்டார்கள், இருப்பவர் விலகினால் வேலைக்கே ஆபத்து. ஓர் இந்து நர்ஸ் அங்கே நிம்மதியாக வேலை பார்க்கலாம், விலகிய கத்தோலிக்க நர்ஸால் முடியாது. லைப்ஸிக் நகராட்சி ஆஸ்பத்திரியில் இந்தப் பேச்சே வராது.

இனி ஊர்களுக்கு வருகிறேன். 2024 முடிவில் ஜெர்மனியில் கத்தோலிக்கர் 1.98 கோடி, மாநிலத் திருச்சபைப் புராட்டஸ்டன்ட்கள் ஏறத்தாழ 1.8 கோடி. இரண்டையும் கூட்டினாலும் மக்கள்தொகையில் பாதி வராது. 2022இல் மட்டும் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து 5,22,821 பேர் விலகினார்கள். இந்த மொத்தக் கணக்கை வைத்துக்கொண்டு எந்த ஊரையும் புரிந்துகொள்ள முடியாது. பவேரியாவில் கத்தோலிக்கர் மட்டுமே பாதிக்குச் சற்றுக் குறைவு, ரேகன்ஸ்புர்கைச் சுற்றியுள்ள கிராமங்களில் அவர்கள் பெரும்பான்மை. சாக்சனியிலோ ஐந்தில் நான்கு பேர் எந்தத் திருச்சபையிலும் இல்லை, கத்தோலிக்கர் நூற்றுக்கு நான்கு பேர்கூடத் தேறமாட்டார்கள்.

கத்தோலிக்கத் தெற்கு, புராட்டஸ்டன்ட் வடக்கு என்ற கோடு 1555ஆம் ஆண்டு ஆக்ஸ்புர்க் உடன்படிக்கையில் விழுந்தது. அரசன் எந்தப் பக்கமோ குடிகளும் அந்தப் பக்கம். ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் கோடு வளைந்து நெளிந்து போகும். நீ போகக்கூடிய ரேகன்ஸ்புர்கையே எடுத்துக்கொள். நகர சபை 1542இல் மார்ட்டின் லூத்தரின் புராட்டஸ்டன்ட் பக்கம் போய்விட்டது. ஆயரும் மடங்களும் அதே மதில்களுக்குள் கத்தோலிக்கராகவே இருந்தார்கள். சாக்சனியில் நடந்தது இன்னும் வேடிக்கை. போலந்துக் கிரீடத்துக்காக, அதை ஆண்ட இளவரசர் ஆகஸ்டஸ் 1697இல் கத்தோலிக்கராக மாறினார். குடிகள் ஒருவரும் பின்னால் போகவில்லை.

கிழக்கில் கோயில்கள் காலியானது வேறு கதை. 1950இல் அன்றைய கிழக்கு ஜெர்மனியில் பத்தில் ஒன்பது பேர் கிறிஸ்தவர்கள். திருச்சபைப் பிள்ளைகளுக்கு மேல்படிப்புக் கதவை அடைத்தது கம்யூனிஸ்ட் அரசு. 14 வயதில் உறுதிபூசுதலுக்குப் பதிலாக ‘யுகண்ட்வைஹ’ என்ற மதமற்ற சடங்கை 1950களின் நடுவில் கொண்டுவந்தது. லைப்ஸிக் பல்கலைக்கழகத் தேவாலயத்தை 1968 மே 30 அன்று வெடிவைத்துத் தகர்த்தது. ஆனால் பழி முழுவதையும் அந்த நாற்பது ஆண்டுகள் மேல் போடுவதும் சரியில்லை; சாக்சனியின் ஆலைத் தொழிலாளர்கள் அதற்கு முன்பே கோயிலை விட்டு விலகத் தொடங்கியிருந்தார்கள். அரசு விழுந்தபின் மக்கள் திரும்பி வரவுமில்லை. யுகண்ட்வைஹ இன்றைக்கும் நடக்கிறது, வாடகை மண்டபம், புது உடுப்பு, பாட்டி கொடுக்கும் காசுக்கவர் சகிதம். உன் சக நர்ஸ் ‘நான் எதிலும் இல்லை’ என்று சொன்னால் அதில் கடவுளோடு சண்டை எதுவும் இருக்காது. அவள் பாட்டி காலத்திலேயே முடிந்துபோன விவகாரம் அது.

இங்கேதான் ஏஜென்சிக்காரர் மட்டுமல்ல, ஜெர்மன்காரர்களே தப்பாகக் கணக்குப் போடுவார்கள்: உறுப்பினர் அதிகமுள்ள இடத்தில் பக்தியும் அதிகம் என்று. கத்தோலிக்கத் திருச்சபை ஆண்டுக்கு இரண்டு ஞாயிறுகளில், தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறும் நவம்பரின் இரண்டாம் ஞாயிறும், பூசைக்கு வந்த தலைகளை எண்ணுகிறது. 2024இல் நாடு முழுக்க உறுப்பினர்களில் 6.6 சதவீதம் பேர்தான் வந்தார்கள். மறைமாவட்ட வரிசையில் மேலே நிற்பவை கோர்லிட்ஸ், எர்ஃபுர்ட் போன்ற கிழக்கத்தி மறைமாவட்டங்கள். மேற்கில் ஆகன், எஸ்ஸென் போன்றவை அடியில். காரணம் எளிது. மேற்கில் பெயர் மட்டும் ஏட்டில் உள்ளவர்கள் லட்சக்கணக்கில். கிழக்கில் ஏட்டில் தங்கியவர்கள் பிடிவாதமாகத் தங்கியவர்கள். கோர்லிட்ஸ் மறைமாவட்டத்தில் மொத்தமே ஏறத்தாழ 30,000 கத்தோலிக்கர்.

லைப்ஸிக் எந்த மறைமாவட்டம் என்றால் டிரெஸ்டன்-மைஸன். கிட்டத்தட்ட சாக்சனி முழுவதற்கும் 1,30,000 அளவில் கத்தோலிக்கர். ரேகன்ஸ்புர்க் மறைமாவட்டத்தில் பத்து லட்சம் அளவில். ஆனால் லைப்ஸிக் நகர மன்றத்துக்கு எதிரே 2015இல் திறந்த புனிதத் திரித்துவக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பார்த்தால் இந்த எண்கள் நினைவுக்கு வராது. இளம் குடும்பங்கள், மாணவர்கள், வெளிநாட்டார். ஊரில் அன்பியம் என்ற பங்குச் சிறுகுழுவில் பழகினவளுக்கு அங்கே பழக ஆள் கிடைப்பது சுலபம். ரேகன்ஸ்புர்கில் பேராலயத்தின் சிறுவர் பாடகர் குழுவைக் கேட்கலாம், பெந்தெகொஸ்து திருநாளுக்கு முன்பு அல்ட்டோட்டிங் மாதா கோயிலுக்கு மூன்று நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கும் ஆயிரக்கணக்கானவர்களோடு நடக்கலாம். ஆனால் வாரநாள் பூசைக்கு நரைத்த தலைகள்தான். பங்குச்சாமியார் இந்தியராகவே இருந்தாலும் ஆச்சரியப்படாதே, பவேரியாவில் நம் நாட்டுக் குருக்கள் நிறையப் பேர்.

சாக்சனி முழுவதும் வெறுமை என்றும் நினைத்துவிடாதே. பாவுட்சன், காமென்ட்ஸ், ஹோயர்ஸ்வெர்டா ஊர்களுக்கு நடுவே சோர்ப் என்ற ஸ்லாவ் மொழிக்காரர்களின் கத்தோலிக்கக் கிராமங்கள் இருக்கின்றன. உயிர்ப்பு ஞாயிறன்று ஆண்கள் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்டுக்கொண்டு குதிரை மேல் ஊர் ஊராகப் பாடிப் போவார்கள். லைப்ஸிக்கிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம்.

விடுமுறைக் கணக்கும் பார்த்துவிடு. நாடு முழுக்கப் பொதுவானவை 9. ரேகன்ஸ்புர்கில் மூன்று ராஜாக்கள் திருநாள், நற்கருணைப் பெருவிழா, ஆகஸ்ட் 15 மாதா திருநாள், நவம்பர் 1 எல்லாம் சேர்ந்து 13. இதில் ஆகஸ்ட் 15 பவேரியா முழுவதற்கும் இல்லை, புராட்டஸ்டன்ட்களைவிடக் கத்தோலிக்கர் அதிகம் உள்ள ஊர்களுக்கு மட்டும். பக்கத்து ஊரில் கடை திறந்திருக்கும். லைப்ஸிக்கில் 11. லூத்தரின் சீர்திருத்தத்தை நினைவுகூரும் அக்டோபர் 31 உண்டு. அதோடு நவம்பரில் ஒரு புதன்கிழமை, மனந்திரும்புதல் நாள். முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுக்குப் பணம் வேண்டும் என்று 1995இல் மற்ற மாநிலங்கள் எல்லாம் இந்த விடுமுறையைக் கைவிட்டன. சாக்சனி மட்டும் வைத்துக்கொண்டது. அதற்கு விலையாக அங்கே ஊழியர் அந்தக் காப்பீட்டில் மற்ற மாநிலத்தவரைவிட அரை சதவீதப் புள்ளி கூடுதலாகக் கட்டவேண்டும். 3,200 யூரோ சம்பளத்துக்கு மாதம் 16 யூரோ, வருடத்துக்கு 192. ஒரு புதன்கிழமைக்கு இது கொஞ்சம் அதிக விலைதான். அன்றைக்கு உனக்கு டூட்டி விழாமலிருக்கவேண்டும் என்பது வேறு.

பெரிய வெள்ளியன்று பவேரியாவில் பாரில் பாட்டுப் போடக்கூடச் சட்டம் விடாது. 2018 ஜூன் முதல் மாநில அரசு அலுவலக வாசல்களில் சிலுவை மாட்டவேண்டும் என்றும் உத்தரவு. அங்கே ‘க்ரூஸ் காட்’ என்று கடவுள் பெயரில் வணக்கம் சொல்பவர்கள் எல்லாரும் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று எடுத்துக்கொள்ளாதே.

இரண்டு ஊரும் தமிழ்க் கூட்டத்துக்குத் தூரம். ஈழத்தமிழர் நெருக்கமாக இருப்பது மேற்கே ரைன், ரூர் பக்கம். ஹம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோயில் அங்கேதான், ஆகஸ்டில் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் திரளும் கெவெலார் மாதா கோயிலும் அங்கேதான். கெவெலாருக்கு இந்துக்களும் வருவார்கள், நம்மூர் வேளாங்கண்ணி மாதிரியே. ஆகஸ்டில் லீவு வேண்டுமென்றால் டூட்டி அட்டவணை போடுமுன்பே எழுதிக் கொடுத்துவிடு.

என்னைக் கேட்டால் லைப்ஸிக். வரியில் மாதம் நாலு யூரோ, காப்பீட்டில் பதினாறு யூரோ கூடப் போகும், விடுமுறை இரண்டு நாள் குறையும். ஆனாலும் உன் ஞாயிற்றுக்கிழமையும் உன் வேலையும் ஒரே கையில் இருக்காது. ரேகன்ஸ்புர்க்தான் என்று முடிவெடுத்தால், கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் திருச்சபை வேலை விதிகள் பற்றிய பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பு. திருமுழுக்குச் சான்றையும் பங்கு அலுவலகத்தில் கேட்டு இப்போதே வாங்கி வை. அங்கே போய் எழுதிக் கேட்டால் மாதக்கணக்கில் இழுப்பார்கள்.

அன்புடன்,
அண்ணன்