செட்டியாரையும் ஃப்ரேமுக்குள் கொண்டுவாருங்கள்

சிங்கப்பூரில் இரவில் கேமராவும் கையுமாகச் சுற்றும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். மெர்லயன் சிலைப் பக்கம் மாலை ஆறு மணிக்கெல்லாம் ட்ரைபாடுகள் வரிசைகட்டி நின்றுவிடுகின்றன. மெரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலின் மூன்று கோபுரங்கள், தண்ணீரில் அவற்றின் வெளிச்சம், அவ்வளவுதான். அந்தக் காட்சி அழகில்லை என்று யார் சொல்வார்? ஆனால் கொஞ்ச தூரம் ஆற்றோரமாக உள்ளே நடந்தால் நம் ஆட்களின் கதை, அந்தக் காலத்தில் இங்கே வட்டிக்குப் பணம் கொடுத்து வாங்கிய செட்டியார்களின் கதை நிற்கிறது. அதை விட்டுவிட்டு வீடு திரும்புகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

ஃபுல்லர்ட்டன் ஹோட்டலைத் தாண்டி கேவனா பாலத்துக்கு வாருங்கள். 1869-இல் கட்டியது. மூன்று ஹண்ட்ரெட்வெயிட்டுக்கு (சுமார் 150 கிலோ) மேற்பட்ட வண்டியும் மாடு குதிரையும் ஏறக்கூடாது என்ற அந்தக் காலத்துப் பலகை இன்னும் இருக்கிறது. பாலத்தின்மேல் ட்ரைபாட் வைக்காதீர்கள்; ஆட்கள் நடக்கும் அதிர்வில் படம் கலங்கிவிடும். அப்படியே அக்கரைக்குப் போனால் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தை ஒட்டி வெண்கலச் சிலைகள். செட்டியார் ஒருவர், கூடவே இன்றைய நிதித்துறைக்காரர்கள்.

அங்கே நின்று எதிர்க்கரையைப் பாருங்கள். போட் கீயின் தாழ்ந்த கடைவீடுகள், அவற்றின் முதுகுக்குப் பின்னால் ராஃபிள்ஸ் பிளேஸின் வங்கிக் கோபுரங்கள். அந்தப் பக்கத்து மார்க்கெட் ஸ்ட்ரீட்டில்தான் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது தொழிலும் தங்கலும் ஒன்றாக நடந்த கட்டடங்கள், இருந்தன. பகலில் பெட்டியடியில் (கணக்குப் பெட்டி வைத்த இடம்) உட்கார்ந்து வரவு செலவு, இரவில் அங்கேயே பாய் விரித்துத் தூக்கம். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து, வருஷக்கணக்கில் அப்படி இருந்தார்கள். அந்தக் கட்டடங்களை இடித்தாயிற்று. இடித்த பக்கம் எழும்பிய விளக்குகளும் அந்த மனிதரின் உருவமும் ஒரே படத்தில் சேர இந்தக் கரையை விட்டால் வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

சூரியன் ஏழு மணி வாக்கில் இறங்கும். அதன்பின் வானத்தில் நீலம் இருபது நிமிஷம் நின்றால் பெரிது. கோபுரத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு) வைத்தால் சிலை கறுத்துப்போகும். ஃப்ளாஷ் அடித்தால் வெண்கலத்தில் வெள்ளைத் திட்டு விழும், வேண்டாம். சிலைக்கு ஒன்று, கோபுரத்துக்கு ஒன்று என்று எடுத்து அப்புறம் சேர்த்துக்கொள்ளுங்கள். 2008-இல் கடல்நீரைத் தடுக்கும் மெரினா அணை வந்தபின் இங்கே கடலின் ஏற்ற இறக்கம் கிடையாது. சுற்றுலாப் படகு கிளப்பிய அலை அடங்கும்வரை பொறுத்தால் போதும், வெளிச்சம் தண்ணீரில் நேர்கோடாக இறங்கும்.

படத்தைப் பகிரும்போது ‘மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கி’ என்று தமிழில் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். தேடுகிற பிள்ளைகளுக்கு அகப்படட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்