ஐம்பது ரூபாய் அபராதம்

அன்புள்ள நண்பர் சிவராமன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கால்நடை மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்த செய்தி அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். தாத்தாவின் தொழிலைத் தொடர ஒருத்தி வந்துவிட்டாள். இங்கே நாங்கள் நலம். நான் இன்னும் நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

அடிமாட்டு லாரி வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். விசாரணைக்கே வராமல் அது முடிந்துபோயிற்று. கேரள எல்லையை நோக்கிப் போன அந்த லாரியை நள்ளிரவில் நிறுத்தியபோது நானும் அங்கே இருந்தேன். 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. அதிலோ இருபதுக்கும் மேல் இருந்தன. தலையைத் தாழ்த்தவே இடமில்லாதபடி மூக்கணாங்கயிற்றைப் பக்கச் சட்டத்தோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு கிடாரி விழுந்துகிடந்தது. உடம்பின் பாரமெல்லாம் கயிற்றில் தொங்கியதால் அதன் மூக்குத் தண்டு கிழிந்திருந்தது. மற்ற மாடுகள் நிற்க வேறிடமின்றி அதன் விலாவின் மேலேயே நின்றன. எழுப்புவதற்காக முறுக்கப்பட்ட அதன் வால் இரண்டு இடங்களில் ஒடிந்திருந்தது.

இத்தனையும் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம்தான். ஆனால் 31ஆம் பிரிவு, விலங்குச் சண்டை நடத்துவது, கொடூரமாகக் கொல்வது போன்ற சிலவற்றை மட்டுமே பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றங்களாக வைத்திருக்கிறது. வதைபடும்படி ஏற்றிச் செல்வது அந்தச் சிலவற்றில் சேரவில்லை. அதற்கும் மேலாக 36ஆம் பிரிவு, குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும் என்கிறது. காயங்களைப் பற்றிய மருத்துவச் சான்று வந்துசேர்வதற்குள் அந்தக் கெடு கடந்துவிட்டது. மாடுகள் பழையபடி வியாபாரியின் கைக்கே போய்விட்டன.

வழக்கு வென்றிருந்தாலும் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்க்கு மிகாமல்தான். மூன்று ஆண்டுக்குள் அதே குற்றத்தை மறுபடி செய்தால் இருபத்தைந்து முதல் நூறு ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960இல் எழுதிய உச்சத் தொகை ஒரு பைசாகூட உயரவில்லை. அதே லாரி அனுமதித்த எடைக்கு மேல் சரக்கு ஏற்றியிருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் கட்டியாக வேண்டும். அடுத்தவர் மாட்டை ஒருவன் வெட்டினால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. அங்கே சட்டம் மாட்டுக்காரரின் நட்டத்தைப் பார்க்கிறது. சொந்தக்காரனே வதைத்தால் மாட்டின் வலிக்கு மிஞ்சுவது அந்த ஐம்பது ரூபாய்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல் என்பதை நீங்கள் அறிவீர்கள். மாநிலங்களவையில் அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்தபோது, அரசே ஒரு சட்டம் இயற்றும் என்று நேரு உறுதியளித்தார். அப்படிப் பிறந்த சட்டத்தின்படி 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு ருக்மிணி தேவியே முதல் தலைவர். அதன் தலைமையகமும் 2018 வரை சென்னையில்தான் இருந்தது. அவர் தொடங்கிவைத்ததை நாம் அறுபது ஆண்டுக்கு மேலாக அப்படியே விட்டுவைத்திருக்கிறோம். 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. கொடும் வதைக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றது அந்த வரைவு. அதை இனியும் கிடப்பில் போட்டுவைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆனாலும் தொகையை மட்டும் உயர்த்திப் பயனில்லை. 31ஆம் பிரிவும் அந்த மூன்று மாதக் கெடுவும் மாறவில்லையென்றால் எந்த அபராதமும் ஏட்டளவில்தான் இருக்கும். ஜல்லிக்கட்டைப் பற்றி 2014 தீர்ப்பு முதல் 2023 மே மாதத் தீர்ப்பு வரை நாடே பேசியது, நீங்களும் நானும்கூட ஓயாமல் வாதிட்டோம். அந்த அக்கறையில் கால்பங்கு இந்த லாரிகளின் பக்கம் திரும்பியிருந்தால் எவ்வளவோ நடந்திருக்கும்.

சட்டம் மாறும்வரை கையில் இருப்பதைக் கொண்டுதான் போராட வேண்டும். பயணத்துக்குத் தகுதியான உடல்நிலையில் மாடுகள் உள்ளன என்ற மருத்துவர் சான்று ஒவ்வொரு லாரியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சான்று எப்படித் தரப்படுகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி மனம்விட்டு எழுதுங்கள். லாரி பிடிபட்ட இரவிலேயே எந்தக் கால்நடை மருத்துவரும் நிரப்பிக் கையெழுத்திடும்படி காயச்சான்றுக்கு ஒரு மாதிரிப் படிவமும் வேண்டும்: மூக்கு, வால், கண், குளம்பு ஒவ்வொன்றிலும் எதைப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்பது தமிழிலேயே இருக்கட்டும். அடுத்த மாதத்துக்குள் அனுப்பினால் இங்குள்ள இளம் வழக்கறிஞர்களிடம் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
வேலுச்சாமி
பொள்ளாச்சி