எம்.ஜி.பி. சில் பேனல் கிட்: தவறான அளவும் ஆபத்தான செய்முறைத் தாளும்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: 1972 மாடல் எம்.ஜி.பி. ரோட்ஸ்டருக்கான சில் பேனல் கிட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையைத் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். "முதல் முறை செய்பவர்களுக்கும் ஏற்ற முழுமையான கிட்" என்று சொல்லி, சில்லை, அதாவது கதவுக்கு அடியில் காரின் நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற தகட்டுப் பகுதியை, மாற்றுவதற்கான இந்தக் கிட்டை விற்கிறீர்கள். இது முழுமையாகவும் இல்லை, புதியவர் கையில் கொடுக்கத் தக்கதாகவும் இல்லை.

விளம்பரத்தில் தகடு 1.2 மி.மீ. என்று போட்டிருக்கிறது. கறுப்பு பிரைமரைச் சுரண்டிவிட்டு வெர்னியர் வைத்துப் பார்த்தால் வெளிச் சில் 0.8 மி.மீ.தான், இரு முனையிலும் நடுவிலும் அதே அளவு. சில்லின் உள்ளே நிற்கும் நடுத்தகடான மெம்பிரேன் மட்டும் 1.2. இந்த இரண்டையும் சேர்த்து மிக் வெல்டிங் (கம்பியை ஊட்டியபடி மின்சாரத்தால் பற்றவைப்பது) செய்யும்போது, கனத்த தகட்டுக்கு ஏற்றபடி கரண்ட் வைத்தால் மெல்லியது ஓட்டையாகிவிடும். குறைத்தால் வெல்டு மேலே ஒட்டி நிற்குமே தவிர உள்ளே இறங்காது. பழகிய கை சமாளித்துவிடும். புதியவர் கண்ணுக்கோ அந்த வெல்டு நன்றாகத்தான் தெரியும், பயமே அதுதான்.

நீளமும் தவறு. இந்தக் காரின் வெளிச் சில் கதவோடு முடிவதில்லை. முன் ஃபெண்டருக்கு உள்ளேயும் பின் ஃபெண்டரின் அடிப்பகுதிக்கு உள்ளேயும் நீள்கிறது. முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்பதால் கழற்றிவிடலாம். பின் ஃபெண்டரின் அடியை வெட்டித்தான் வேலை செய்ய முடியும். நீங்கள் அனுப்பியது கதவின் நீளத்துக்கே இருக்கிறது, அதாவது பழைய சில்லின் மேல் மூடிப் பற்றவைக்கும் கவர் சில். துருவை அப்படி மூடினால் இடையில் ஈரம் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். இதைச் சொன்னதற்கு, குறைகிற இடத்தைப் பட்டி போட்டு நிரவிக்கொள்ளும்படி உங்கள் ஊழியர் பதில் எழுதியிருக்கிறார். பளு தாங்கும் இடத்தில் பட்டி போடச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

எல்லாவற்றையும் விட மோசமானது கூடவே வந்த செய்முறைத் தாள். முந்தைய மாடலான எம்.ஜி.ஏ.வுக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) இருந்தது. 1962-ல் வந்த எம்.ஜி.பி.க்குக் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். நிலையான கூரையும் இல்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் பெரும்பாலும் பிடித்துவைத்திருப்பவை இந்தச் சில்கள்தான். உங்கள் தாளோ "இரு பக்கமும் பழைய சில்லை வெட்டி எடுக்கவும்" என்று தொடங்குகிறது. வெட்டுமுன் பாடி தொய்யாமல் முட்டுக் கொடுப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அப்படி வெட்டினால், காரைத் தாங்கும் ஸ்டாண்டு முன்னும் பின்னும் இருக்கும்போது நடுப்பகுதி தொய்ந்து, கதவின் இடைவெளி மேலே குறுகும். கதவின் மேல் மூலை கதவுக்குப் பின்னால் உள்ள தூணான பின் பில்லரில் இடிக்கும். ஸ்டாண்டு நடுவில் இருந்தால் இரு முனைகளும் இறங்கி இடைவெளி மேலே அகலும்; மடக்குக் கூரையின் முன்சட்டம் விண்ட்ஸ்கிரீனை எட்டாது. அந்த நிலையில் புதுச் சில்லைப் பற்றவைத்தால் கோணல் நிலைத்துவிடும். மறுபடி வெட்டுவதைத் தவிர வழியில்லை.

தாளில் இருக்க வேண்டியது இது. காரைச் சமமாக நிறுத்தி, 25 மி.மீ. சதுரக் குழாயை முன் பில்லருக்கும் பின் பில்லருக்கும் இடையே உட்புறமாகப் பற்றவைக்க வேண்டும். வேலைக்கு நடுவே கதவை மாட்டி மூடிப் பார்க்க வேண்டியிருப்பதால், குழாய் உட்புறம் இருப்பது முக்கியம். கதவுத் திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதிக்கொண்ட பிறகு ஒரு பக்கத்தை மட்டும் வெட்ட வேண்டும். அது முழுதாக முடியும்வரை மறுபக்கத்தைத் தொடக்கூடாது. மெம்பிரேனைப் பொருத்தி, வெளிச் சில்லைக் கிளாம்பில் பிடித்து டேக் (சிறு புள்ளி வெல்டு) மட்டும் வைத்து, கதவு இடைவெளியைப் பார்த்த பிறகே முழு வெல்டு. விளிம்பில் சுமார் 30 மி.மீ.க்கு ஒன்றாக 6 மி.மீ. துளை போட்டு, இடம் மாற்றி மாற்றிப் பிளக் வெல்டு (துளையை நிரப்பிப் பற்றவைப்பது) செய்தால் தகடு நெளியாது. ஒட்டும் பரப்புகளில் துத்தநாக பிரைமர், முடிந்ததும் உள்ளே துருவைத் தடுக்கும் கேவிட்டி வாக்ஸ். நீர் வடியும் துளைகள் அடைபடக்கூடாது.

கிட்டை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்து முழுத் தொகையை 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். அதைவிட அவசரமானது, இதே தாளைப் பெற்ற மற்ற வாடிக்கையாளர்களுக்கு, முட்டுக் கொடுக்காமல் வெட்ட வேண்டாம் என்று உடனே எழுதுவது. அவர்களில் சிலர் கட்டிங் வீலை ஏற்கெனவே எடுத்திருக்கலாம்.

அளவெடுத்த படங்கள், இன்வாய்ஸ் நகல், செய்முறைத் தாளின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்