ஒரு பொக்லைன், ஆறு தெரு

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் பகுதியில் மழைநீர் வடிகாலுக்காக ஆகஸ்ட் மாதமே ஆறு தெருக்களையும் தோண்டிப் போட்டுவிட்டார்கள். வந்திருப்பதோ ஒரே பொக்லைன், ஒரே கம்பி கட்டும் குழு, கான்கிரீட் வார்க்க அச்சாக நிறுத்தும் சென்ட்ரிங் தகடுகளும் ஒரு தெருவுக்கு மட்டுமே போதுமானவை. நான்காம் தெருவில் கட்டிய கம்பிகள் துருவேறி நிற்கின்றன. நேற்று பக்கத்து வீட்டுப் பாட்டி, பள்ளத்தின் மேல் போட்ட ஒற்றைப் பலகையில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் பால் வாங்கப் போனார்.

முப்பது ஆண்டுகள் கட்டட மேற்பார்வையாளராக இருந்தவன் என்பதால் மனம் பொறுக்கவில்லை. எந்த வேலைக்குப் பின் எது என்று மட்டும் பார்த்தால் போதாது. இருக்கிற ஆளையும் இயந்திரத்தையும் வைத்துத்தான் வரிசை போட வேண்டும். தண்ணீர் போய்ச் சேரும் ஏரிப் பக்கத்துத் தெருவில் தொடங்கியிருக்கலாம். பக்கச் சுவர்த் தகடுகளை, கான்கிரீட் போட்ட ஓரிரு நாளில் பிரித்துவிடலாம். கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் விட வேண்டும். அதற்குள் பொக்லைன் அடுத்த தெருவைத் தோண்டியிருக்கும், தகடுகளும் அங்கே போயிருக்கும். யாரும் சும்மா நிற்க வேண்டியதில்லை. பாதியில் நிற்கும் ஆறு தெருக்களைவிட, முழுதாக முடிந்த இரண்டு தெருக்களில் தண்ணீர் வடியும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். முடிக்க முடியாத தெருக்களின் பள்ளங்களை இப்போதே மண் போட்டு மூடுங்கள். மற்றவற்றில் ஆட்களைக் குவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்