பச்சை நோட்டும் மாப்பிள்ளையும்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள ராமு,

இங்கு யாவரும் நலம். ஓணத்துக்கு வருவதாக எழுதிவிட்டு வராமல் இருந்தவன் நீ. அந்தக் கடிதத்துக்கு எட்டு மாதம் பதில் போடாதவன் நான். கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பச்சை நோட்டுதான் விஷயம்.

நீ பெங்களூரிலிருந்து அனுப்பும், குதிரைப் பந்தய விவரம் அச்சான ரேஸ் புக்குகளிலிருந்து ஒவ்வொரு குதிரையின் நேரத்தையும் அந்த நோட்டில் குறித்துக்கொண்டு, ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் பதினோரு ஆண்டுகளை ஓட்டிவிட்டேன். எச்சில் ஊற ஊற இலையை எண்ணுகிறவன் என்று நீ கேலி செய்வாய். செய்துகொள். ஆனால் ஊட்டி சீசனில் நம் இருவருடைய பஸ் காசையும் விழுங்கிய அந்தச் செம்பழுப்புக் குதிரை ஏன் தோற்றது என்பது இப்போது எனக்குத் தெரியும். (அந்த மைதானத்தையே 2024இல் அரசு எடுத்துக்கொண்டது, நம் காசு மட்டும் வந்தபாடில்லை.) அது முன்பு ஓடிய நேரத்தை மட்டும் பார்த்து, ‘கடிகாரம் பொய் சொல்லாது’ என்றான் வேலுச்சாமி. கடிகாரம் பொய் சொல்லவில்லைதான். அன்றைய தரையைப் பற்றி அதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

ஒரு கணக்குப் போடுகிறேன், வாத்தியார் புத்தி என்று பொறுத்துக்கொள். 1200 மீட்டருக்கு வழக்கமான நேரம் 1 நிமிடம் 13 விநாடி என்று கொள். ஒரு குதிரை காய்ந்த தரையில் அந்த நேரத்தைவிட அரை விநாடி முந்தி வென்றது. ஆனால் அன்று எல்லா ஓட்டங்களும் சராசரியாக ஒரு விநாடி வேகமாகவே முடிந்தன. ஆக, அது உண்மையில் அரை விநாடி பின்தங்கிய குதிரை. இன்னொன்று மழை ஈரத்தில் 1 நிமிடம் 14.2 விநாடியில் வந்தது. அன்றோ எல்லாமே இரண்டு விநாடி தாமதம். அப்படியானால் அது 0.8 விநாடி முந்தியது. இரண்டுக்கும் இடையே 1.3 விநாடி, ஒரு குதிரை நீளத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு விநாடி என்றால், ஆறரை நீளம்! இங்கிலாந்தில் 1948இல், பந்தயக் குதிரைகளுக்கு மதிப்பெண் போடும் டைம்ஃபார்ம் நிறுவனத்தைத் தொடங்கிய ஃபில் புல்லும் என்னைப்போல் கணக்கு வாத்தியாராக இருந்தவர்தான் என்பதை உன் மனைவியிடம் அவசியம் சொல்.

இந்தத் திருத்தத்தைப் போட்டபோது, போன மாதம் ஒரு சனிக்கிழமை, எல்லாரும் பணம் கட்டிய ஃபேவரிட்டை விட்டுவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத ஏழாம் எண் குதிரை என் கணக்கில் முதலிடத்தில் நின்றது. ஓட்டத்திலும் அதுவே வென்றது. அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை. பெருமை தாங்காமல் மாப்பிள்ளையிடம் நோட்டைத் திறந்து காட்டினேன், ராமு. அங்கேதான் தவறினேன்.

அவர் அதைக் கைப்பேசியில் படமெடுத்துப் போய், அடுத்த நான்கு வாரங்களில், மகள் வீட்டுக் கூரைக்கு வைத்திருந்த பணத்தைக் கரைத்துவிட்டார். கேட்டால், குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு என்று 1996இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே என்கிறார். திறமைதான், யார் மறுத்தார்கள்? நான்கில் ஒரு தடவை வெல்லக்கூடிய குதிரைக்கு ஒன்றுக்கு மூன்று லாபமாகக் கிடைத்தால் கைக்கும் வாய்க்கும் சரி; ஒன்றுக்கு இரண்டுதான் கிடைக்கிறதென்றால், நல்ல குதிரையைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்தே தோற்கலாம். அதற்கும் மேலே, கட்டும் தொகை முழுவதன் மீதும் 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பரில் 40 ஆகிவிட்டது. முன்னால் போகும் குதிரையை ஜாக்கி மெதுவாக நடத்திப் போனால் அந்த ஓட்டத்தின் நேரமே செல்லாக்காசு என்பதையும் என் நோட்டின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். அவர் ஓரங்களைப் படமெடுக்கவில்லை.

மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. கூரை ஒழுகும் இடத்தில் ஒரு குண்டானை வைத்துவிட்டுப் போகிறாள். மாப்பிள்ளையைக் கண்டிக்க எந்த மாமனாருக்கு வாய் வரும்? அதுவும் கற்றுக்கொடுத்தவனே நான் என்னும்போது.

அடுத்த வாரம் அவர் வேலை விஷயமாகப் பெங்களூருக்கு வருகிறார். உன் முகவரியை வாங்கிக்கொண்டிருக்கிறார். வந்தால் வயிறாரச் சோறு போடு. பணம் என்று வாயெடுத்தால், நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல், கையில் காசில்லை என்ற உன் பழைய பல்லவியைப் பாடிவிடு. ரேஸ் புக்குகளை நிறுத்திவிடாதே. ஆனால் வீட்டு முகவரிக்கு வேண்டாம், வேலுச்சாமியின் கடைக்கு அனுப்பு.

உன்,
சண்முகம்